பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள்?



புறநானூற்றின் 279ஆம் பாடலை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தி வருகின்றோம். ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. முன்னொரு நாள் நடந்த போரில் பிறந்த வீட்டு ஆண்மகனையும், அடுத்து வந்த போரில் கணவனையும் இழந்த மறக்குடிப் பெண்ணொருத்தி, மீண்டும் போர்ப்பறை கேட்டவுடன், தனக்கிருந்த ஒரே மகனுக்கு வெள்ளாடை உடுத்தி, தலைக்கு எண்ணெய் தடவி, கையில் வேலைக் கொடுத்துக் களம் நோக்கி அனுப்பிய செய்தியை அப்பாடல் கூறுகின்றது. அதனை விளக்கும்போது நமது குரல் நம்மை அறியாமலே உயர்ந்துவிடும். மாணவர்களும் கைதட்டுவார்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக இது நடந்து வருகின்றது. மகனை அனுப்பிய அத்தாய், தானே புறப்பட்டிருந்தால் ஊர் என்ன சொல்லியிருக்கும் என்று ஒரு மாணவரும் கேட்டதில்லை, நாமும் எண்ணியதில்லை. அவ்வாறு எண்ண வைத்தவர் நமது துறையின் முன்னாள் மாணவி ஒருவர். அவரைப் பற்றியதே இக்கட்டுரை. அவர் இசைவு பெற்றே எழுதுகின்றோம்; பெயரை மட்டும் அவர் விருப்பப்படி விட்டுவிட்டோம்.

திருவள்ளூர் மாவட்டத்தில், பழவேற்காட்டு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே கிடக்கும் மணற்பரப்பில் உள்ளது லைட்ஹவுஸ் குப்பம். அங்கு ஒரு மீனவர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பழவேற்காட்டிலிருந்து பேருந்து ஏறிப் பொன்னேரி வந்து, அங்கிருந்து மின்தொடர் வண்டி பிடித்து, மூன்றாண்டுகள் நம்மிடம் இளங்கலைத் தமிழ் பயின்றார். காலை முதல் வகுப்பிற்கு அவர் தாமதமாக வந்த நாள்கள் மிகச் சிலவே. பட்டம் பெற்றதும் திருமணம் நடந்தது. மணமகன் பக்கத்துக் குப்பத்தைச் சேர்ந்தவர். நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையத்தில் பயிற்சி பெற்ற படைவீரர். ஒரு பெண், ஓர் ஆண் என இரு குழந்தைகள். 2021ஆம் ஆண்டு, வடகிழக்கு மலைப்பாதையொன்றில் பணியின்போது நேர்ந்த வாகன விபத்தில் அவ்வீரர் இறந்தார். தேசியக் கொடி போர்த்திய பெட்டி அக்குப்பத்து மணலில் இறக்கப்பட்ட அன்று நாமும் சென்று நின்றோம். ஆறுதலாக ஒரு சொல்லும் நமக்கு வாய்க்கவில்லை.

இரண்டாண்டுகள் கழித்து ஒரு நாள், மாணவர் சேர்க்கையின் நெரிசலுக்கு நடுவே, அவர் துறைக்கு வந்தார். கையில் ஒரு கோப்பு.

"ஐயா, எனக்கு ஒரு நன்னடத்தைச் சான்றிதழ் வேண்டும்."

"எதற்கம்மா? பள்ளி வேலைக்கா?"

"இல்லை ஐயா. இராணுவத்தில் அதிகாரியாகச் சேர விண்ணப்பம் போடப்போகிறேன்."

அந்தக் கணத்தில் நமது வாயிலிருந்து வந்த முதற்சொல் வாழ்த்தாக இருந்திருக்க வேண்டும். வந்ததோ வேறு. "பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்று கேட்டுவிட்டோம். கேட்ட தொனி இன்னும் நமக்கு நினைவிருக்கின்றது. விடை தேடிக் கேட்ட கேள்வியன்று அது. வாயிலை அடைப்பதற்காகக் கேட்டது.

அவர் சற்று நேரம் கோப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "என் அம்மா விடிவதற்கு முன்பே மீன்கூடையோடு போய்விடுவாள், ஐயா. பொன்னேரிச் சந்தையில் விற்று முடித்துத் திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். அப்பா கடலுக்குப் போனால் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. நானும் தம்பியும் அப்படித்தான் வளர்ந்தோம். எங்கள் அம்மாவை யாரும் இந்தக் கேள்வி கேட்டதில்லை. கூடையோடு போனால் கேட்கமாட்டார்கள் போலிருக்கிறது."

சான்றிதழில் கையொப்பமிட்டுக் கொடுத்தோம். அவர் போன பின்பும் அச்சொற்கள் அறையிலேயே இருந்தன.

அன்றிரவு நமது தந்தையாரை நினைத்துக்கொண்டோம். அவர் சபுராளி. நாம் கைக்குழந்தையாக இருந்தபோதே சவூதி அரேபியாவிற்குச் சென்றவர். இரண்டாண்டுகளுக்கு ஒரு முறை வருவார். முதன்முறை அவர் திரும்பி வந்து வாசலில் நின்றபோது, "அம்மா, யாரோ ஒரு மாமா வந்திருக்கிறார்" என்று உள்ளே ஓடிச் சொன்னோமாம். வீடே சிரித்ததாம், அத்தா மட்டும் சிரிக்கவில்லை என்று அம்மா பிற்காலத்தில் சொல்வார். அவர் விமானம் ஏறிய ஒவ்வொரு முறையும் மீனம்பாக்கம் வரை உறவினர்கள் வேன் பிடித்துச் சென்று வழியனுப்பினர். துஆ ஓதினர். பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. விடை எல்லாருக்கும் தெரிந்திருந்தது: அம்மா பார்த்துக்கொள்வார், பாட்டி பார்த்துக்கொள்வார், தெருவே பார்த்துக்கொள்ளும். நமது சமுதாயத்தில் எத்தனையோ வீடுகளின் கதை இதுதான். தந்தை பிரிந்து சென்றால் அதனைத் தியாகம் என்கின்றோம். தாய் பிரிந்து சென்றால் அதற்கு என்ன பெயர் வைப்பது என்று நமக்குத் தெரியவில்லை.

இனி, அவர் நுழைய விரும்பிய வாயிலைப் பற்றிச் சிறிது கூறுவது மாணவர்க்குப் பயன்படும்.

1950ஆம் ஆண்டின் இராணுவச் சட்டம், அரசு தனியே அறிவிக்கும் பிரிவுகளில் அன்றிப் பெண்கள் படையில் சேர இடமளிக்கவில்லை. செவிலியர், மருத்துவர் ஆகியோர் நீங்கலாக ஏனைய பிரிவுகளில் பெண் அதிகாரிகளுக்கு 1992ஆம் ஆண்டுதான் வழி திறந்தது. அவ்வாண்டு முதல் அவர்கள் பயிற்சி பெற்றுவரும் இடங்களுள் ஒன்று நமது சென்னையில், பரங்கிமலையில் உள்ள இராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாதெமியாகும். 1962ஆம் ஆண்டுச் சீனப் போருக்குப் பின்னர், 1963இல் தொடங்கப்பெற்ற நிறுவனம் அது. குறுகியகாலப் பணியில் சேர்ந்த பெண் அதிகாரிகளுக்கும் நிரந்தரப் பணி வழங்கப்பெற வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரி 17 அன்று தீர்ப்பளித்தது.

எனினும், குழந்தை பெற்ற பெண்ணொருவர் இவ்வாயிலுள் எளிதில் நுழைய இயலாது. 2022இல் வந்த அக்னிவீர் திட்டத்தில் திருமணமாகாதோர் விண்ணப்பிக்க வேண்டும் என்பதே பொதுவிதி. பட்டதாரிப் பெண்கள் எழுதும் ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வில் திருமணமாகாதோரும், மறுமணம் செய்துகொள்ளாத, குழந்தையில்லாக் கைம்பெண்களும், குழந்தையில்லாது மணமுறிவு பெற்றோருமே அமர இயலும். பணியிலிருக்கும்போது இறந்த படைவீரரின் மனைவிக்கு மட்டும் ஒரு தனி வழி உண்டு. அவருக்குக் குழந்தைகள் இருக்கலாம். வயது 35 வரை இருக்கலாம். எழுத்துத் தேர்வு இல்லை. தொழில்நுட்பம் சாராத பிரிவிற்கு எந்தப் பட்டமும் போதும்; நமது இளங்கலைத் தமிழும் போதும். ஆனால் ஒரு பயிற்சித் தொகுதிக்கு அப்பிரிவில் ஒதுக்கப்படும் இடம் ஒன்றே ஒன்று. நாடு முழுவதற்கும் ஒன்று.

அவ்வழியே சென்றவர்கள் இருக்கின்றார்கள். நாயக் அமித் சர்மா 2012இல் அருணாசலப் பிரதேசத்தில் உயிரிழந்தார். அவர் மனைவி பிரியா செம்வால், சிறு பெண்குழந்தையின் தாயாக இருந்தும், பரங்கிமலையில் பயின்று 2014இல் அதிகாரியானார். கர்னல் சந்தோஷ் மகாதிக் 2015 நவம்பரில் காஷ்மீரின் குப்வாரா பகுதியில் வீரமரணம் அடைந்தார். அவர் மனைவி சுவாதி மகாதிக், தம் இரு பிள்ளைகளையும் விடுதிப் பள்ளிகளில் சேர்த்துவிட்டு வந்து பயின்று, 2017 செப்டம்பர் 9 அன்று தோளில் நட்சத்திரம் சூடினார். நாயக் தீபக் நைன்வாலின் மனைவி ஜோதி நைன்வால் 2021 நவம்பர் 20 அன்று அதே திடலில் பயிற்சி நிறைவு அணிவகுப்பில் நடந்தார். அவருடைய இரு குழந்தைகளும் படைவீரர் உடையணிந்து தாயின் அருகில் நின்ற படத்தை நாளிதழ்களில் பலரும் கண்டிருக்கலாம். அப்படத்தைத்தான் நம் மாணவி கத்தரித்துக் கோப்பின் முதல் தாளாக வைத்திருந்தார்.

பெங்களூருவில் நடந்த தேர்விற்கு அவர் முதன்முறை சென்று வந்தார். ஐந்து நாள்கள் நடக்கும் தேர்வு அது. படத்தைக் கண்டு கதை எழுத வேண்டும். அறுபது சொற்களைச் சொல்லுக்குப் பதினைந்து விநாடி வீதம் காட்டுவார்கள், மனத்தில் எழுந்த வாக்கியத்தை உடனே எழுத வேண்டும். குழுவாகக் கூடித் தடைகளைக் கடக்க வேண்டும். நேர்காணலில் அமர வேண்டும். எல்லாவற்றிற்கும் நின்று, இறுதி நாள் வரை இருந்து, தேர்வு பெறாமல் திரும்பினார்.

"ஆங்கிலம் காரணமா அம்மா?" என்று கேட்டோம்.

"அதுவும் இருக்கலாம் ஐயா. ஆனால் எனக்கே தெரிந்த காரணம் வேறு. பிள்ளைகளை விட்டு ஓர் இரவுகூட அதுவரை நான் தனியே இருந்ததில்லை. மூன்றாம் நாள் வரை தாக்குப்பிடித்தேன். நான்காம் நாள் எது கேட்டாலும் காதில் விழவில்லை. ஐந்து நாளுக்கே இப்படி என்றால் நாற்பத்தொன்பது வாரத்திற்கு என்ன செய்வேன்? ஓடுவதற்கு என்னைப் பழக்கினேன். பிரிந்திருப்பதற்குப் பழக்கவில்லை."

அகாதெமியின் பயிற்சிக் காலம் 49 வாரங்கள். குழந்தைகளை உடன்வைத்துக்கொள்ள இயலாது. நினைத்த வேளையில் தொலைபேசவும் இயலாது. லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து பரங்கிமலை எழுபது கிலோமீட்டர் அளவுதான். ஆயினும், உள்ளே சென்றுவிட்டால் அது ஜித்தாவைப் போலத் தொலைவாகிவிடும்.

சென்ற ஆண்டின் ஒரு ஞாயிற்றுக்கிழமை நமது துணைவியாருடன் அக்குப்பத்திற்குச் சென்றோம். பழவேற்காட்டில் இறங்கினால், 1613இல் டச்சுக்காரர் எழுப்பிய கெல்டிரியா கோட்டையின் நினைவாக எஞ்சிய இடமும், அவர்களுடைய பழைய கல்லறைத் தோட்டமும் உள்ளன. கடல் கடந்து வந்து வீடு திரும்பாமல் போனவர்களின் கல்லறைகள் அவை. அவற்றைக் கடந்து ஏரியின் மேலுள்ள பாலத்தில் சென்றால் அப்பால் மணல், சவுக்கு, வலைகள், கலங்கரை விளக்கம், கடல்.

அவர் வீட்டில் ஒரு கால அட்டவணை சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. இரண்டு பத்திகள். ஒன்றின் தலைப்பு 'நான்'. மற்றொன்றின் தலைப்பு 'பிள்ளைகள்'.

'நான்' என்னும் பத்தியில், பயிற்சிக்கு வரும் பெண்களிடம் எதிர்பார்க்கப்படும் உடல்தகுதி எழுதப்பட்டிருந்தது. 2.4 கிலோமீட்டரை 13 நிமிடத்தில் ஓட வேண்டும். தண்டால் 15. கம்பியைப் பற்றித் தொங்கி உடலை மேலே இழுப்பது இரண்டு முறை. படுத்தெழுவது 25. அத்துடன் நீச்சலில் அடிப்படைப் பழக்கம் வேண்டும். விடியுமுன் கலங்கரை விளக்கத்தருகில் கடலோர மணலில் அவர் ஓடுவார். தம்பி கைப்பேசியில் நேரம் குறிப்பார். ஈரமணல் வரையில் ஓடினால் காலுக்கு இதம், உலர்மணலில் ஓடினால் வேகம் குறையும் என்பதால், உலர்மணலில்தான் ஓடுவதாகச் சொன்னார். முதலில் பத்தொன்பது நிமிடம் ஆயிற்றாம். இப்போது பதின்மூன்றரை.

நீச்சல்தான் நமக்கு வியப்பாக இருந்தது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே பிறந்து வளர்ந்தவர், நீந்தத் தெரியாது! "எங்கள் ஊரில் ஆண்கள்தான் கடலுக்குப் போவார்கள் ஐயா. பெண்கள் கரையில் நின்று கூடையை வாங்குவோம். தண்ணீர் எங்கள் முழங்கால் வரைதான் வரும்" என்றார். பழவேற்காட்டு ஏரி ஆழமற்றது. பல இடங்களில் இடுப்பளவு நீரே நிற்கும். அங்கேதான் தம்பி கற்றுக்கொடுக்கின்றார். வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் புறப்படும் நாள்களில் இக்கடலில் மீன்பிடிக்கத் தடை விதிப்பார்கள். அந்நாள்களில் தம்பிக்குத் தொழில் இராது, அக்காவிற்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் நீச்சல் கிடைக்கும்.

இரண்டாம் பத்தியைத் துணைவியார்தாம் நீண்ட நேரம் நின்று படித்தார். முதல் மாதம், ஓர் இரவு அம்மா இல்லாமல். இரண்டாம் மாதம், மூன்று இரவு. நான்காம் மாதம், ஒரு வாரம். சென்னையில் உள்ள கல்லூரித் தோழி ஒருவரின் வீட்டில் அவர் தங்கி, ஆங்கிலப் பேச்சு வகுப்பிற்குச் சென்றுவருவார். அந்நாள்களில் பிள்ளைகளுக்குத் தொலைபேசுவதில்லை. ஞாயிறு மட்டும் பத்து நிமிடம். ஒன்பது வயது மகள் தன் தலையைத் தானே பின்னிக்கொள்ளப் பழகியிருந்தாள். பின்னல் ஒருபக்கம் கோணியிருந்தது. திருத்துவதற்குத் துணைவியார் கை நீட்டியபோது, "வேண்டாம் பாயம்மா, அது பின்னிக்கட்டும்" என்று பாட்டி தடுத்துவிட்டார்.

ஒரு வாரப் பிரிவின்போது ஆறு வயது மகனுக்குக் காய்ச்சல் கண்டிருக்கின்றது. பாட்டி மகளுக்குத் தெரிவிக்கவில்லை. "சொன்னா அது ராத்திரியோட ராத்திரியா ஓடியாந்துடும் வாத்தியாரய்யா. அப்புறம் இன்னா பயிற்சி?" என்று அம்மூதாட்டி நம்மிடம் நியாயம் கேட்டார். திரும்பி வந்து செய்தி அறிந்ததும் தாய்க்கும் மகளுக்கும் பெரிய சண்டை. இரண்டு நாள் பேச்சில்லை. அதன் பின்னர் ஓர் உடன்பாட்டிற்கு வந்தார்கள். எது நடந்தாலும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் 'வா' என்று சொல்லக்கூடாது. வருவதா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்துகொள்வாள். இதனைச் சொல்லும்போது அம்மூதாட்டியின் கண் கலங்கிற்று.

மற்றொரு சிக்கலும் இருந்தது. இறந்த வீரரின் பெற்றோர், "நீ போவதானால் பேரப்பிள்ளைகள் எங்களிடம் இருக்கட்டும்" என்றார்கள். மகனை இழந்தவர்கள், அவர்கள் கேட்டதில் தவறென்ன? குழந்தைகளோ பாட்டி வீட்டிற்குப் பழகியவர்கள். ஊர்ப் பெரியவர்கள் அமர்ந்து பேசினார்கள். பள்ளி நாள்களில் தாய்வழிப் பாட்டி வீடு, வார இறுதியில் தந்தைவழித் தாத்தா வீடு என முடிவாயிற்று. ஒரு தகரப் பெட்டியில் பிள்ளைகளின் பிறப்புச் சான்று, ஆதார் அட்டை, தடுப்பூசிக் குறிப்பு, பள்ளிக் கட்டண ரசீதுகள், வங்கிப் புத்தகம் அனைத்தும் அடுக்கப்பட்டிருந்தன. பள்ளியில் யார் கையொப்பமிடுவது, மருத்துவமனைக்கு யார் அழைத்துச் செல்வது, எந்த மருந்து மகனுக்கு ஒவ்வாது என்பனவெல்லாம் ஒரு நோட்டில் அழகிய தமிழில் எழுதப்பட்டிருந்தன. நமது துறையில் பயின்ற கையெழுத்து அது. நாம் கற்பித்த தமிழ் இதைவிடப் பயனுள்ள ஒன்றை எழுதியதாக நமக்கு நினைவில்லை.

"ஏனம்மா இவ்வளவு பாடு? குடும்ப ஓய்வூதியம் வருகின்றதே" என்று துணைவியார் கேட்டார்.

"வருகிறது அம்மா. அதற்குக் குறை சொல்லக்கூடாது. ஆனால் இந்த ஊரில் ஒரு கல்யாணம் என்றால் நான் பின்னால்தான் நிற்க வேண்டும். மஞ்சள் இடிக்கக் கூப்பிடமாட்டார்கள். என் பெண் அதைப் பார்த்துக்கொண்டே வளர்கிறாள். அங்கே என்னைப் பதவிப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அதை அவள் ஒரு நாள் கேட்க வேண்டும்."

துணைவியார் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. திரும்பும் வழியில் பேருந்தில், "நாம் அந்தப் பிள்ளைக்கு என்ன செய்யப் போகிறோம்?" என்றார். கேள்வி அவ்வாறுதான் கேட்கப்பட வேண்டும் என்று நமக்கு அப்போது விளங்கிற்று.

அதன்பின் வெள்ளிதோறும் பிற்பகல், ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு, அவர் துறைக்கு வந்தார். ஆங்கிலத் துறை நண்பர் ஒருவர் உரையாடக் கற்பித்தார். நூலகர் நாளிதழ்களை எடுத்து வைத்தார். நமது பங்கு, அறுபது சொற்களைப் பதினைந்து விநாடி இடைவெளியில் ஒவ்வொன்றாகப் படிப்பது. ஒரு வெள்ளியன்று 'சைல்டு' என்னும் சொல் வந்தது. அவர் பேனா நின்றது. பதினைந்து விநாடியும் கழிந்தது. அடுத்த சொல்லைப் படிக்க நமக்கும் நா எழவில்லை. அவரே, "படியுங்கள் ஐயா" என்றார். அடுத்த வாரம் அதே சொல்லை மீண்டும் வைத்தோம். எழுதினார். என்ன எழுதினார் என்று நாம் பார்க்கவில்லை.

சமுதாயப் பெரியவர்கள் இக்கட்டுரையைப் படிப்பார்கள் என்பதால் இரண்டொரு சொற்கள். உஹதுப் போர்க்களத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைக் காத்து நின்று காயம்பட்ட உம்மு உமாரா நுஸைபா (ரலி) அவர்கள் ஒரு தாய். அவர்களுடைய மக்களும் அக்களத்தில் இருந்தார்கள். தாய்மை வேறு, துணிவு வேறு என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் நமது வரலாற்றில் இல்லை. நல்வழியில் புறப்பட்டுச் சென்றவரின் குடும்பத்தை நல்ல முறையில் பேணுகின்றவரும் அப்பணியில் பங்கு பெற்றவரே என்னும் கருத்தமைந்த நபிமொழியும் நாமறிந்ததே. அதன் பொருளை நாம் முழுமையாக உணர்ந்துள்ளோமா என்பதே ஐயம்.

1965ஆம் ஆண்டுப் போரில் கேம்கரண் களத்தில் பாட்டன் டாங்கிகளை அழித்து உயிர்நீத்து, பரம்வீர் சக்கரம் பெற்ற ஹவில்தார் அப்துல் ஹமீத் அவர்களின் பெயரை நமது மேடைகளில் முழங்குகின்றோம். அவர் பிள்ளைகளின் தந்தை என்பதை நாம் எப்போதேனும் சொல்லியிருக்கின்றோமா? அப்பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய ரசூலன் பீவி அவர்களின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பரங்கிமலையில் பயின்று வெளிவந்து, 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரத்தில் உயிர்துறந்த மேஜர் முகுந்த் வரதராஜனும் ஒரு சிறுமியின் தந்தையே. படைக்குப் போகும் ஒவ்வொருவர் பின்னாலும் ஒரு வீடு இருக்கின்றது. அந்த வீட்டைத் தாங்குவோரையும் சேர்த்துத்தான் படை என்பது.

மாணவச் செல்வங்களே! உங்களுள் சிலர் நாளை கடல் கடந்து பொருளீட்டச் செல்வீர்கள். சிலர் சீருடை அணிவீர்கள். சிலர் பிள்ளைகளைப் பெற்ற பின்பு மீண்டும் படிக்கப் புறப்படுவீர்கள். அப்போது உங்களிடம் யாரேனும், "பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்று கேட்கக்கூடும். கேட்பவர் நல்லவராகவே இருப்பார். அவரிடம் சினம் கொள்ள வேண்டா. லைட்ஹவுஸ் குப்பத்துச் சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைப் போல, அக்கேள்விக்கு ஒரு விடையை முன்கூட்டியே எழுதி வையுங்கள். கேட்கும் இடத்தில் நீங்கள் இருந்தால், விடையையும் சேர்த்துச் சொல்லப் பழகுங்கள்: "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், போய் வாருங்கள்."

பழவேற்காட்டு ஏரியில் சில குப்பங்களில் 'பாடு' என்றொரு முறை உண்டு. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலையிடுவது என்று சீட்டுக் குலுக்கி வகுத்துக்கொள்வார்கள். தமிழில் 'பாடு' என்னும் சொல்லுக்குத் துன்பம் என்றும் பொருள். இடம் என்றும் பொருள். அவ்வேரியில் முறை என்றும் பொருள். நம் மாணவிக்கு இப்போது வயது முப்பத்து மூன்று. இன்னும் இரண்டாண்டுகளே அவருக்குள்ள கால எல்லை. மீண்டும் விண்ணப்பித்துவிட்டு, பெங்களூருவிலிருந்து அழைப்பு வருவதை எதிர்நோக்கியிருக்கின்றார். "கிடைக்காவிட்டால்?" என்று நாம் கேட்கவில்லை. அவரே சொன்னார்: "கிடைக்காவிட்டாலும் என் பிள்ளைகள் தலை பின்னக் கற்றுக்கொண்டார்கள் ஐயா, நான் நீந்தக் கற்றுக்கொண்டேன். இந்தத் தடவை என் பாடு வருகிறதா பார்ப்போம்."

இக்கட்டுரை அச்சேறும் வேளையிலும் அவர் அந்த மணலில் ஓடிக்கொண்டிருப்பார். பதின்மூன்று நிமிடத்திற்கு இன்னும் அரை நிமிடம் குறைய வேண்டும். இவ்வாண்டு 279ஆம் பாடலை நடத்தும்போது குரலை உயர்த்தாமல், சற்று நிறுத்தி, அந்த வீட்டில் எஞ்சி இருந்தவர்கள் யார் என்று மாணவர்களைக் கேட்க எண்ணியுள்ளோம்.

அவருடைய முயற்சியை நிறைவேற்றி, அவருடைய பிள்ளைகளையும் அவர்களைப் பேணுவோரையும் நலமுடன் காக்க வல்ல இறைவன் அருள்புரிவானாக! ஆமீன்.